பிணவறை வாசலில் முடிவதல்ல இழப்பீடு

திருப்பூரை அடுத்த கரைப்புதூரில், 2025 மே மாதம் சாயப்பட்டறை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணியில் ஈடுபட்ட மூவர் விஷவாயு தாக்கி உயிரிழந்தனர். கொதிகலன், மின்கசிவு, சரக்கு மின்தூக்கி என பனியன் தொழிலில் மரணம் வரும் வழிகள் பல. வேலையிடத்தில் ஒருவர் இறந்ததும், பிணவறை வாசலிலேயே பேசி ஒரு தொகையைக் கொடுத்து, கையொப்பம் பெற்று, உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அந்தக் கையொப்பத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றே பல குடும்பங்கள் நம்புகின்றன. சட்டம் அவ்வாறு கூறவில்லை என்பதைத்தான் இங்கு விளக்க விரும்புகிறேன்.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த அடிப்படை எளியது. வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்தில் தொழிலாளி இறந்தால், முதலாளியின் தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் அவர் இழப்பீடு வழங்க வேண்டும். மது அருந்தியிருந்தார், பாதுகாப்பு விதியை மீறினார் என்ற வாதங்கள் காயங்களுக்குப் பொருந்தலாம்; மரணத்திற்குப் பொருந்தா. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய ஒப்பந்தமும் செல்லாது.

தொகைக்கும் கணக்கு உண்டு. மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் கொள்ளும் ஊதியத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் ரூ.15,000 ஆக உயர்த்தப்பட்டது. அந்த ஊதியம் பெற்ற 30 வயதுத் தொழிலாளிக்குக் காரணி 207.98, அவரது குடும்பத்திற்குரியது ரூ.15,59,850. ஒரு மாதத்திற்குமேல் தாமதித்தால் 12 சதவீத வட்டியும், தக்க காரணமில்லையெனில் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ரூ.30 லட்சமாக உயர்த்தியது.

இத்தொகையை இழப்பீட்டு ஆணையரிடமே செலுத்த வேண்டும். குடும்பத்தினர் கையில் நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீடாகாது. மூன்று மாத ஊதிய அளவிலான முன்பணம் மட்டுமே கழிக்கப்படும். துயரத்தில் இருப்பவர்களால் பேரம் பேச இயலாது என்பதும், மனைவி, குழந்தைகள், பெற்றோர் ஆகியோரின் பங்கு வேறெவர் கைக்கும் போய்விடக் கூடாது என்பதும் இதன் நோக்கம். இரண்டாண்டுகளுக்குள், தாம் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே அவர்கள் மனு செய்யலாம். ஒடிசாவிலோ பிஹாரிலோ இருக்கும் தாய் திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை.

இறந்தவர் இஎஸ்ஐ திட்டத்தில் இருந்தால், இந்த இழப்பீட்டுக்குப் பதிலாக ஊதியத்தில் 90 சதவீதம் என்ற அளவில் குடும்பத்திற்கு மாத உதவித்தொகை கிடைக்கும். நிறுவனம் சந்தா கட்டத் தவறியிருந்தால், இஎஸ்ஐ கழகம் தானே வழங்கிவிட்டு நிறுவனத்திடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. முதலாளியின் பொறுப்பு அதிலும் தொடர்கிறது. வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும், வேலையோடு தொடர்புடைய விபத்துகளும் சேர்க்கப்பட்டுள்ளன.

ஆனால் திருப்பூரின் தொழில் அமைப்புக்கு ஏற்ற தீர்வு இன்னும் வரவில்லை என்றே கருதுகிறேன். தன் வளாகத்தில் ஒப்பந்ததாரர் அமர்த்திய தொழிலாளி இறந்தால் முதன்மை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். அதே தையல் வேலை வேறொரு தெருவில் உள்ள ஜாப் ஒர்க் கூடத்தில் நடந்தால், ஏற்றுமதி நிறுவனத்தைப் பொறுப்பாக்குவது கடினம். காப்பீடு ஏதுமற்ற சிறிய கூடத்தின் மீது உத்தரவு பெற்றாலும், வசூலிக்க அங்கே தையல் இயந்திரங்களைத் தவிர எதுவும் இராது.

எனவே இஎஸ்ஐ பதிவோ இழப்பீட்டுக் காப்பீடோ இல்லாத கூடத்திற்கு ஆர்டர் தருவதில்லை என ஏற்றுமதியாளர் சங்கங்கள் முடிவெடுக்க வேண்டும். தொழிலாளர் துறையும் மரணச் செய்தி அறிந்ததும், மனுவுக்குக் காத்திராமல் தனக்குள்ள அதிகாரத்தின்படி முதலாளியிடம் விளக்கம் கேட்க வேண்டும். தையல் தரத்தைச் சோதித்துப் பார்த்தே வேலை கொடுப்பவர்களுக்கு, இந்த ஒரு சான்றையும் கேட்டுப் பெறுவது பெருஞ்சுமையாகாது.