பெயரும் எண்ணும்

1963 டிசம்பர் 1-ல் திருநெல்வேலியில் வானொலி நிலையம் தொடங்கியபோது, தாமிரபரணிக் கரை ஊர்களுக்குக் கிடைத்தது பாட்டு மட்டுமல்ல. தன் ஊர்ப்பெயரை ஆகாயத்திலிருந்து கேட்கும் வாய்ப்பும்கூட. இலங்கை வானொலி இந்த ஆசையை முன்பே கிளப்பிவிட்டிருந்தது. பாட்டின் பெயரையும் வீட்டார் பெயர்களையும் அஞ்சலட்டையில் வரிசையாக எழுதிப் போட்டவன், அது என்றைக்கு வாசிக்கப்படும் என்று தெரியாமல் பெட்டியருகே உட்கார்ந்திருந்தான். தவறவிட்டால் போனதுதான். குறித்த நேரத்தில் கேட்கவைக்க வேறு உபாயம் வேண்டியிருக்கவில்லை.

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தொடங்கிய தொலைக்காட்சிக்கும் இந்தக் கவலை இல்லை. ஒரே அலைவரிசை, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வேளையில் ஜனங்கள் தாமாகவே கூடினார்கள். தொண்ணூறுகளில் தூர்தர்ஷனின் 'சுரபி' கேள்வி கேட்டது. ஒரே வாரத்தில் 10 லட்சத்துக்கும் மேல் பதில்கள் குவிந்தன. போட்டிகளுக்கென்றே விலை கூடிய அஞ்சலட்டையை வெளியிட்டது தபால் இலாகா. அட்டை வாசிக்கப்படுவது போய், எண்ணப்படுவதாயிற்று.

பிறகு கைப்பேசி வந்தது. எதையும் எப்போதும் பார்க்கலாம் என்றான பின் நேரத்தின் கட்டு அவிழ்ந்தது. விளம்பரக்காரன் விலை கொடுப்பதோ ஒரே சமயத்தில் கூடும் கண்களுக்கு. எனவே கட்டை மறுபடி போட வேண்டியிருந்தது. 2017 ஜூன் 25-ல் விஜய் தொலைக்காட்சி 'பிக் பாஸ்' தொடங்கியபோது வாக்குப்பெட்டி கூகுளில் இருந்தது. சண்டை ட்விட்டரில் நடந்தது. வார இறுதியில் கமல்ஹாசன் முடிவு சொல்வார். அந்த நேரத்தில் பார்க்காதவனுக்கு முடிவை ட்விட்டர் முந்திச் சொல்லிவிடும். இந்தப் பயமே ஆளைப் பெட்டி முன் உட்காரவைத்தது.

'ஓவியா ஆர்மி' என்று ஒரு பெரும்படையே திரண்டது. ஆகஸ்டில் ஓவியா தாமாகவே வெளியேறினார். விழுந்த வாக்கு அவரை நிறுத்தவில்லை. ஆனால் படை திரண்டதில் நிறுவனத்துக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

பழைய அட்டையைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அதுவும் நிலையத்துக்கு ஆள் சேர்த்ததுதான். பெயர் கேட்கும் ஆசையில் தற்பெருமையும் உண்டு. ஆனால் அங்கே கல்லிடைக்குறிச்சி கல்லிடைக்குறிச்சியாகவே ஒலித்தது; சேரன்மகாதேவிக்காரன் அதைக் கேட்டான். ஹாஷ்டேகில் லட்சம் பேர் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். சொன்னவன் எந்த ஊர் என்று யாரும் வாசிப்பதில்லை. பங்கேற்பு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கணக்கெடுப்பு என்பதே பொருந்தும்.