பழைய குழி

கோலார் தங்கவயலின் வரலாற்றை யார் எழுதினாலும் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். 1802இல் எல்லை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இங்கே மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்ற பேச்சைக் கேட்டு, காட்டுபவருக்கு வெகுமதி என்றார். ஊர்ச்சனங்கள் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்ணெதிரில் அலசித் தங்கத்துகளைக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் ஆட்கள் விளக்கோடு குழிக்குள் இறங்கினார்கள். வெட்டிய கல் கூடையில் கைமாறி மேலே வந்தது. பெண்கள் அதைப் பாறையில் போட்டு இடித்துத் தூளாக்கி, கிணற்றடியில் அலசினார்கள். இதையெல்லாம் வாரனே எழுதி வைத்திருக்கிறார். ஆனாலும் வரலாறு சொல்வது, ‘வாரன் கண்டுபிடித்தார்.’ காட்டியவர் யார், கண்டவர் யார்?

அந்த மண்ணின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெற்கு வடக்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம், சில கிலோமீட்டர் மட்டுமே அகலம் கொண்ட கரும்பாறைப் பட்டை அது. ஏறக்குறைய 270 கோடி வருடங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து, பிறகு அழுத்தத்தாலும் சூட்டாலும் மாறிய பாறை. அதன் வெடிப்புகளில் ஆழத்திலிருந்து ஏறிய வெந்நீர் வெள்ளைக்கல்லைப் படிய வைத்தது. அந்த வெள்ளைக்கல்லில்தான் தங்கம், கூடவே கொஞ்சம் வெள்ளியும்.

மேலே நின்று பார்த்தால் இந்த வெள்ளைக்கல் ஓட்டம் எங்கே போகிறது என்று தெரியாது. 1875இல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கிய லாவெல், பிறகு வந்த இங்கிலாந்துக் கம்பெனிகள் எல்லாரும் பணத்தைக் கொட்டினார்கள். 1880களின் தொடக்கத்தில் மைசூர் கம்பெனியே மூடப்படும் நிலைக்கு வந்தது. அப்போது பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி ஒரு காரியம் செய்தார். எந்தக் காலத்திலோ நம்மைப் போன்ற சனங்கள் தோண்டிவிட்டுப் போன பழைய குழிகளுக்கு அடியில் தோண்டினார். கிடைத்தது சாம்பியன் ரீஃப். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அப்படித்தான் பிறந்தது. கம்பெனிக்கு வழிகாட்டிய வரைபடம் அந்தப் பழைய குழிகள்தான். குழி வெட்டியவனுக்கு ஆங்கிலத்தில் ‘பழைய ஆட்கள்’ என்று மட்டும் பேர்.

அதற்குப் பிறகு வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து நம் சனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பண்ணையடிமை வாழ்விலிருந்து தப்பித்துப் போனதாகவும் சொல்லலாம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. தொழிலாளி தட்டி வீட்டில்தான் கிடந்தான். பாறைச்சூடு 60 டிகிரியைத் தாண்டும் ஆழத்தில், 3 கிலோமீட்டருக்கும் கீழே, அவன் வேலை செய்தான். மேலே வந்தால் தங்கத் திருடன் என்று சோதனை. 1930இல் எல்லாரும் கைரேகை கொடுக்க வேண்டும் என்றபோது, ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள்.

அங்கே வேலை பார்த்த என் பெரியப்பா சொல்லுவார்: “வெள்ளக்கல்லு எந்தப் பக்கம் சாயுதுன்னு சம்மட்டி புடிச்ச கைக்குத் தெரியும்டா. நாங்க சொல்லுவோம், தொரை எழுதிக்குவான். புத்தகத்துல அவன் பேருதான் இருக்கும்.” நெஞ்சில் கல்தூசியோடு இருமி இருமிச் செத்தார்.

ஆனால் நம்மவர்கள் எழுதாமலும் இல்லை. அயோத்திதாசரின் பௌத்தம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழை, 1926இல் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார் அப்பாதுரையார். பூமிக்கடியில் ஒரு ஷிப்டு முடித்துவிட்டு மேலே வந்து பத்திரிகை படித்த சனம் நம் சனம். அதைக் கல்வியறிவில்லாத கூலிக்கூட்டம் என்று எழுதுவது பொய்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். மிச்சமிருப்பது சயனைடு மண்மேடுகள். காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள்ளேயும் சோற்றுக்குள்ளேயும் விழுகிறது. 2024இல் அந்த 13 மேடுகளிலும் மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. திரும்பவும் மாதிரி எடுப்பார்கள், டன்னுக்கு எத்தனை கிராம் என்று கணக்குப் போடுவார்கள். அந்த மேட்டை உண்டாக்கிய கைகளுக்கு அதில் என்ன பங்கு என்று யார் கேட்பது?

நாம்தான் கேட்க வேண்டும். அதற்கு முதல் வேலை, இன்னும் உயிரோடிருக்கும் கிழவர்களிடமும் கிழவிகளிடமும் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே, அவர்கள் பேரோடு எழுதி வைப்பது. இல்லையென்றால் இன்னும் நூறு வருடம் கழித்து நம் பெரியப்பன்மாரும் ‘பழைய ஆட்கள்’தான்.