மண்டபம் முகாமில் ஆவுளியா

நெய்தல் நிலத்துப் புலவர்கள் சுறாவையும் இறாவையும் அன்னத்தையும் நாரையையும் பாடினர். இராமநாதபுரம் கடற்கரையில் வாழ்வோர்க்கு நெருக்கமான மற்றோர் உயிரும் உண்டு. மீனவர் அதனை ஆவுளியா என்பர்; நூலோர் கடற்பசு என்பர். மீனன்று, பாலூட்டி. கரையில் யானைக்கும் இதற்கும் தொல்லுறவு உண்டென்று விலங்கியலார் கூறுவர். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஆழமற்ற நீரில் வளரும் கடற்புல்லே இதன் உணவு.

கடல்வாழ் பாலூட்டிகளைச் சிறைவைத்துக் காண்பது மேலை நாட்டாருக்குப் பழகிய வழக்கம். தென் அமெரிக்கக் கடற்சிங்கம் ஒன்றை லெகோம்த் என்னும் பிரெஞ்சு மாலுமி பழக்கிக் காட்ட, லண்டன் விலங்குக் காட்சிச்சாலை 1866இல் அதனைத் தன்பால் சேர்த்துக்கொண்டது. பிரிட்டனின் பூங்காக்களில் பின்னர்க் கடற்சிங்கங்கள் பெருகின. செத்த மீனை உண்ணவும் மனிதர் சொற்கேட்டு ஆடவும் அவை எளிதிற் பழகின. குளங்களிலேயே குட்டிகளும் ஈன்றன.

கடற்பசுவோ அவ்வாறு இணங்குவதன்று. அதற்கு நாள்தோறும் பெருமளவு கடற்புல் வேண்டும். உலகின் காட்சிச்சாலைகளில் அதனை நெடுங்காலம் காத்தவை மிகச் சிலவே. அவ்வரிய முயற்சிகளுள் ஒன்று இராமேசுவரத்திற்கு எதிர்க்கரையில் நிகழ்ந்தது என்பதைத் தமிழர் பலர் அறியார்.

மண்டபம் முகாம் என்னும் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் நோய்த்தடுப்பின் பொருட்டு நிறுத்திவைக்கப்பட்ட இடம் அது. 1947 பிப்ரவரியில் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் அம்முகாமில் இயங்கியது. 1959ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அந்நிலையத்தின் இயக்குநராக எஸ். ஜோன்ஸ் இருந்தபோது, கடற்பசு இணை ஒன்று அங்கே வைத்து வளர்க்கப்பட்டது. அவற்றின் நடத்தையை ஜோன்ஸ் ஆராய்ந்து எழுதினார். ஏறத்தாழ 11 ஆண்டுகள் கடற்பசு அங்கே உயிர் வாழ்ந்தது. அக்காலத்தில் அது வியக்கத்தக்க செய்தி.

கடலில் ஓர் ஆவுளியா 70 ஆண்டுகள்வரை வாழக்கூடும். தாய் ஓராண்டுக்கு மேல் சூல் சுமந்து ஒரு கன்றையே ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் செல்லும். ஆகவே வலையிலோ வேட்டையிலோ ஒன்று மடிந்தால் அவ்விழப்பை ஈடுசெய்தல் அரிது. இறைச்சிக்காக இக்கரையில் ஆவுளியா பிடிக்கப்பட்ட காலமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துக் காத்தது.

காக்கும் எண்ணமே போதுமா என்னும் வினாவுக்குத் தாய்லாந்து துயரமான விடை தந்தது. 2019இல் தாயை இழந்த மரியம் என்னும் கன்றை அந்நாட்டார் ஊட்டி வளர்த்தனர்; அவ்வாண்டு ஆகஸ்டில் அது இறந்தது. அதன் வயிற்றில் பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. கடல் கெட்டால் கன்றைக் காக்கும் கைகளும் தோற்கும்.

தமிழகம் தேர்ந்த வழி தொட்டியைவிட்டுக் கடலையே காப்பதாகும். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரைகளையொட்டி, 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் காப்பகம் அதுவே. வலையில் சிக்கிய ஆவுளியாவை அறுத்துவிட்டுக் கடலுக்கே அனுப்பும் மீனவரும், அவரைப் பாராட்டிப் பரிசளிக்கும் வனத்துறையும் இன்று உண்டு. வலை கிழிந்தால் இழப்பு மீனவருக்கே. அதனை ஏற்றே அவர் அவ்வுயிரை விடுகிறார்.

மண்டபம் முகாமில் தோட்டத் தொழிலாளர் காத்திருந்தனர். பின்னர்க் கடற்பசு வாழ்ந்தது. 1980களிலிருந்து இலங்கைத் தமிழ் ஏதிலியர் தங்கினர். மூவரும் கடலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அதனைக் கடக்க இயலாதிருந்தவரே. வலைஞர் நாவில் வாழும் ஆவுளியா என்னும் சொல், அவ்வுயிர் மறைந்தால் பொருளிழந்து போகும். அச்சொல்லையும் உயிரையும் ஒருங்கே காத்தல் நெய்தற் கவிஞர்க்கும் உரிய கடமையாகும்.