லாசால்-2 ரோட்ஸ்டர்: காயலான் கடையிலிருந்து மீண்ட கனவுக் கார்

லாசால்-2 ரோட்ஸ்டர் என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1955ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக ஒரே ஒரு எண்ணிக்கையில் செய்த, இருவர் அமரும் திறந்த கார் ஆகும். விற்பனைக்கு வராத இந்தக் கார் சில ஆண்டுகளிலேயே அழிக்கப்பட வேண்டும் என்ற ஆணையுடன் மிச்சிகன் மாநிலத்துக் காயலான் கடை ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே துண்டுகளாகக் கிடந்து, 1980களின் பிற்பகுதியில் மீட்கப்பட்டு, மறுபடியும் கார் வடிவம் பெற்றது. ஒரு பெரிய நிறுவனம் தன் வரலாற்றைத் தானே குப்பையில் போட்டதையும், அந்த வரலாற்றைப் பழைய இரும்பு வியாபாரி ஒருவரும் கார் சேகரிப்பாளர் ஒருவரும் காப்பாற்றியதையும் இந்தக் காரின் கதை சொல்கிறது.

பெயர் வந்த வழி

லாசால் என்ற பெயர் 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் பயணம் செய்த பிரெஞ்சு நாடாய்வாளர் ஒருவருடையது. கேடிலாக் காரை வாங்க ஆசையிருந்தும் அதன் விலை எட்டாதவர்களுக்காக, அதற்கு ஒரு படி கீழே, ஜெனரல் மோட்டார்ஸ் 1927இல் லாசால் என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் தோற்றத்தை வடிவமைத்தவர் ஹார்லி ஏர்ல்.

ஏர்ல் 1893இல் பிறந்தவர். அவருடைய தந்தை குதிரை வண்டி கட்டும் தொழிலில் தொடங்கி, பிறகு கார்களுக்கு உடல் கட்டும் பட்டறை நடத்தியவர். ஹாலிவுட் நடிகர்கள் கேட்டபடியெல்லாம் கார் செய்து கொடுத்த அந்தப் பட்டறையே ஏர்லுக்குப் பள்ளிக்கூடம். அதுவரை கார்களின் உருவத்தைப் பொறியாளர்களே தீர்மானித்தார்கள். இயந்திரம் முதலில், அழகு அதற்குப் பிறகு என்பதே வழக்கம். ஏர்ல் களிமண்ணில் முழு உருவத்தையும் செய்து பார்த்த பிறகே காரை உருவாக்க வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தார். லாசால் பெற்ற வரவேற்பைக் கண்ட நிறுவனம், வடிவமைப்புக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கி அதை அவர் பொறுப்பில் விட்டது. 1958இல் ஓய்வு பெறும்வரை அமெரிக்கச் சாலைகளில் ஓடிய கார்களில் பெரும்பகுதியின் தோற்றம் அவருடைய மேற்பார்வையில் உருவானதே.

லாசால் உற்பத்தி 1940இல் நின்றுபோனது. 15 ஆண்டுகள் கழித்து அதே பெயரை ஏர்லின் பிரிவு ஒரு புதிய காருக்குச் சூட்டியது. தமக்கு வாழ்வு கொடுத்த முதல் படைப்பின் பெயர் என்பதால், அவருக்கு இது வெறும் விளம்பரப் பெயராக மட்டும் இருந்திருக்காது என்று கருதலாம்.

மோட்டோரமா கண்காட்சி

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கர்களின் கையில் காசு புரண்டது. அந்தக் காசைத் தன் பக்கம் திருப்ப ஜெனரல் மோட்டார்ஸ் கண்டுபிடித்த வழியே மோட்டோரமா. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் தொடங்கி, பிறகு நகரம் நகரமாகச் சென்ற திருவிழா அது. இசை, நடனம், சுழலும் மேடைகள் ஆகியவற்றுக்கு நடுவே புதிய கார்கள் காட்டப்பட்டன. 1949 முதல் 1961 வரை நடந்த காட்சிகளை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

அங்கே கூட்டத்தை இழுத்தவை 'கனவுக் கார்கள்'. நாளை கார் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக ஒன்றிரண்டு எண்ணிக்கையில் செய்யப்பட்ட கார்கள் இவை. சில கனவுகள் நனவாகவும் செய்தன. 1953 ஜனவரியில் மோட்டோரமாவில் காட்டப்பட்ட கார்வெட், அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில் உற்பத்திக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டில் 300 கார்கள் செய்யப்பட்டன.

1955ஆம் ஆண்டு மோட்டோரமாவில் லாசால்-2 என்ற பெயரில் இரண்டு கார்கள் வைக்கப்பட்டன. ஒன்று நான்கு கதவு செடான், மற்றொன்று ரோட்ஸ்டர். ரோட்ஸ்டரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் 99.9 அங்குலம், அதாவது இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். அமெரிக்கக் கார்கள் நீண்டுகொண்டே போன காலத்தில் இது சிறிய கார்தான். முகப்பில் பழைய லாசாலை நினைவூட்டும் செங்குத்துக் கம்பிகள் இருந்தன. முன் சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் உள்வாங்கிய ஒரு குழிவு, கதவை நோக்கி நீண்டது. இந்தக் குழிவை அடுத்த ஆண்டு வந்த 1956 கார்வெட்டிலும் காணலாம். கண்காட்சியில் நின்றுபோன கார் என்றாலும், அதன் சாயல் சாலைக்கு வந்துவிட்டது.

காருக்கு அலுமினியத்தாலான வி-6 எஞ்சின் என்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்க நிறுவனங்கள் எட்டு சிலிண்டர்களைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் இது துணிச்சலான யோசனை. ஆனால் கண்காட்சிக் காரில் வைக்கப்பட்டது தோற்றத்துக்கான மாதிரியே. கார் ஓட வேண்டிய தேவை இருக்கவில்லை. அது மேடையில் மின்ன வேண்டும், அவ்வளவுதான்.

அழிக்க வேண்டும் என்ற ஆணை

கண்காட்சி முடிந்த பிறகு இந்தக் கார்கள் நிறுவனத்துக்குச் சுமையாகின. நிறுத்தி வைக்க இடம் வேண்டும். சாலைக்கென்று சோதிக்கப்படாத காரை வெளியாருக்கு விற்றால், விபத்து நேரும்போது வழக்கு நிறுவனத்தின் வாசலுக்கே வரும். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. 'நாளைய கார்' என்று காட்டியது இரண்டு ஆண்டுகளில் 'நேற்றைய கார்' ஆகிவிடுகிறது. புதியதை விற்பவருக்குப் பழைய புதுமை தொந்தரவுதான்.

ஆகவே 1950களின் இறுதியில் சில கனவுக் கார்கள் டெட்ராய்ட் நகரை அடுத்த ஸ்டெர்லிங் ஹைட்ஸ் என்று இன்று அழைக்கப்படும் ஊரிலிருந்த 'வார்ஹூப்ஸ்' என்ற காயலான் கடைக்கு அனுப்பப்பட்டன. கார்கள் வடிவமைக்கப்பட்ட வாரன் நகரத்துத் தொழில்நுட்ப மையம் பக்கத்து ஊரிலேயே இருந்தது. பிறந்த இடத்திலிருந்து சில மைல் தூரத்திலேயே அவற்றின் இடுகாடும் அமைந்தது.

நம் ஊரில் வீட்டுப் பழைய சாமான்களைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவார்கள் அல்லவா? அதுபோலத்தான் இந்தக் கார்களும் போடப்பட்டன. வெட்டி நசுக்கிவிட வேண்டும் என்பதே உத்தரவு. கடையின் உரிமையாளர் ஹாரி வார்ஹோலக் அதை முழுமையாக நிறைவேற்றவில்லை. ரோட்ஸ்டரும், ஷெவர்லே பிஸ்கேன் என்ற மற்றொரு கனவுக் காரும் துண்டுகளாக வெட்டப்பட்டன. ஆனால் அந்தத் துண்டுகள் நசுக்கப்படாமல் கடையின் ஒரு மூலையில் போடப்பட்டன. லாசால்-2 செடானும், 1956ஆம் ஆண்டின் கேடிலாக் எல்டராடோ பிரோம் டவுன் காரும் அங்கேயே தங்கின. பழைய இரும்பை எடை போட்டுப் பிழைக்கும் ஒருவருக்கு, இவை எடைக்குப் போடத் தக்கவை அல்ல என்று தோன்றியிருக்கிறது.

துண்டுகள் ஏன் அழியவில்லை?

மிச்சிகன் மாநிலத்தில் மழையும் பனியும் கடுமை. இரும்புத் தகட்டாலான கார் முப்பது ஆண்டுகள் திறந்தவெளியில் கிடந்தால் துருவே மிஞ்சும். இந்தக் கார்கள் தப்பியதற்குக் காரணம், அவற்றின் உடல் கண்ணாடியிழையால் ஆனது என்பதே.

இரும்புத் தகட்டில் ஒரு புதிய வடிவத்தை அச்சிட்டு எடுக்கப் பெரிய அச்சுகள் வேண்டும். மாதக்கணக்கில் நேரமும் பெரும் பணமும் ஆகும். ஒரே ஒரு காருக்காக யாரும் அப்படிச் செலவழிக்க மாட்டார்கள். கண்ணாடியிழையில் வேலை எளிது. களிமண் உருவத்தின் மேல் அச்சு எடுத்து, அதனுள் கண்ணாடி நாரை விரித்துப் பிசினை ஊற்றினால், காய்ந்ததும் உடல் தயார். விரைவும் சிக்கனமும் கருதி இப்படிச் செய்தார்கள். சில மாதங்கள் நின்றால் போதும் என்று தேர்ந்தெடுத்த அந்தப் பொருளுக்குத் துரு பிடிக்காது. கைவிடப்படுவதற்காகச் செய்யப்பட்ட உடல், இரும்பைவிட அதிக நாள் வாழ்ந்தது. இரும்பாலான அடிச்சட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மீட்பு

சிகாகோ பகுதியைச் சேர்ந்த ஜோ போர்ட்ஸ் என்ற சேகரிப்பாளர், 1954ஆம் ஆண்டின் பான்டியாக் போனவில் ஸ்பெஷல் போன்ற கனவுக் கார்களை 1980களில் தேடி வாங்கியவர். அன்று இத்தகைய கார்களுக்குப் பெரிய சந்தை இருக்கவில்லை. கார் என்றால் ஓட வேண்டும். ஓடாத காட்சிப் பொருளை வாங்கி என்ன செய்வது என்பதே பலருடைய எண்ணம். 1980களின் பிற்பகுதியில் வார்ஹூப்ஸ் கடையில் இருப்பவை பற்றி அறிந்த போர்ட்ஸ், மேலே சொன்ன நான்கு கார்களையும் துண்டுகளோடு வாங்கினார்.

வாங்கியது முதல் படி மட்டுமே. பிஸ்கேன் மறுபடியும் முழுக் காராக எழுந்து நிற்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. ரோட்ஸ்டரும் பல ஆண்டு உழைப்புக்குப் பிறகே கண்காட்சிக்கு வந்தது.

சீரமைக்கும் முறை

சாதாரணப் பழைய காரைச் சீரமைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. அதே மாதிரிக் கார் வேறெங்காவது இருக்கும்; அதைப் பார்த்து அளவெடுக்கலாம், உதிரிப் பாகமும் வாங்கலாம். ஒன்றே ஒன்று செய்யப்பட்ட காருக்கு அந்த வழி இல்லை. எஞ்சியவை துண்டுகளும் பழைய புகைப்படங்களும் வரைபடங்களுமே.

இத்தகைய வேலையில் முதற்பணி, துண்டுகளைத் தரையில் பரப்பி எது எதோடு சேரும் என்று கண்டறிவது. பிறகு சரியான அளவில் ஒரு சட்டத்தை அமைத்து அதன் மேல் அவற்றைப் பொருத்த வேண்டும். புகைப்படத்திலிருந்து அளவெடுப்பது வகுப்பறையில் சொல்லித்தரும் விகிதக் கணக்குத்தான். இரு சக்கரங்களுக்கு இடையே 99.9 அங்குலம் என்பது தெரிந்த அளவு. நேர் பக்கவாட்டுப் படத்தில் அந்த நீளத்தை அளந்துகொண்டால், கதவின் அகலத்தையும் குழிவின் நீளத்தையும் அதிலிருந்து பெறலாம்.

வெட்டுண்ட விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்து, உள்ளும் புறமும் கண்ணாடி நாரையும் பிசினையும் அடுக்கடுக்காக வைத்து ஒட்டுவார்கள். விளிம்பைச் சரிவாகத் தேய்க்காமல் நேருக்கு நேர் ஒட்டினால், பின்னாளில் வண்ணத்தின் மேல் கோடாக விரிசல் தெரியும். அதன் பிறகு பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து என்று வாரக்கணக்கில் வேலை நீளும். காணாமல் போன குரோம் பட்டைகளையும் விளக்கு வளையங்களையும் கையாலேயே புதிதாகச் செய்ய வேண்டும்.

எது அசல்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உடலில் ஒரு பகுதி பழையது, ஒரு பகுதி புதியது; பட்டைகள் புதியவை; வண்ணம் புதியது. இது 1955ஆம் ஆண்டின் கார்தானா?

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. கிடைத்த நிலையிலேயே வைத்தால், வெட்டுத் தழும்பும் சேர்ந்து வரலாறாக நிற்கும். நிறுவனம் என்ன செய்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. முழுமையாகச் சீரமைத்தாலோ, ஏர்லின் குழு மக்களுக்குக் காட்ட நினைத்த வடிவத்தை நாம் காணலாம். ஆனால் தழும்பு மறைந்துவிடும். ரோட்ஸ்டரைப் பொறுத்தவரை இரண்டாவது வழியே பொருத்தமானது எனலாம். அது கண்ணுக்கு விருந்தாக மட்டுமே செய்யப்பட்ட பொருள். வடிவத்தை இழந்த நிலையில் அது எதையும் சொல்லாது. அதே வேளையில், எந்தத் துண்டு பழையது, எது புதிதாகச் சேர்த்தது என்பதைப் படங்களுடன் பதிவு செய்து வைப்பது சீரமைப்பவரின் கடமை. அந்தப் பதிவு இருக்கும்வரை தழும்பும் அழிவதில்லை.

பிற்காலம்

கனவுக் கார்களின் மதிப்பு பிறகு தலைகீழாக மாறியது. 1954ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபீல் எஃப்-88 என்ற திறந்த கார் 2005இல் நடந்த ஏலத்தில் 32 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பழைய கார்களையும் ஆவணங்களையும் காக்க 2004இல் ஒரு மரபு மையத்தைத் திறந்தது. அது அமைந்த ஊர் ஸ்டெர்லிங் ஹைட்ஸ். அதாவது வார்ஹூப்ஸ் காயலான் கடை இருந்த அதே ஊர்.

தான் எறிந்ததன் அருமையை நிறுவனம் உணர்ந்துகொள்ள அரை நூற்றாண்டுக்கு அருகில் ஆயிற்று. அதுவரை பொருள் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். வார்ஹோலக் அந்தக் கார்களைச் சீரமைக்கவில்லை, ஆராயவில்லை, விளம்பரப்படுத்தவுமில்லை. நசுக்காமல் வைத்திருந்தார், அவ்வளவே. பின்னால் வந்தவர்கள் செய்த எல்லா வேலைக்கும் அதுவே முதல்.