கொலை ஒரு தொற்றுநோயா? சிகாகோ தெருக்களில் குறுக்கே நின்றவர்கள்

காய்ச்சல் என்றால் டாக்டர், கத்திக்குத்து என்றால் போலீஸ். உலகம் முழுவதும் இதுதான் வழக்கம். ஆனால் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஒரு டாக்டர் இந்த வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார். கொலையையும் காலராவைப் போல ஒரு தொற்றுநோயாக எடுத்துக்கொண்டு, அதைத் தடுக்கத் தெருவுக்குள் பணியாளர்களை அனுப்பினால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியின் கதைதான் இது.

அவர் பெயர் கேரி ஸ்லட்கின். 1980களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் காசநோய்த் தடுப்புப் பணிக்குப் பொறுப்பாக இருந்தார். நோயாளிகளில் பலர் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து வந்த அகதிகள். காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும். முன்பின் தெரியாத ஒருவர் வந்து சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் அந்தந்த மொழி பேசுகிற, அந்தந்த சமூகத்து ஆட்களையே வேலைக்கு எடுத்தார்கள்.

பிறகு 1980களின் நடுவில் சோமாலியா. லட்சக்கணக்கான அகதிகள், விரல்விட்டு எண்ணக்கூடிய டாக்டர்கள், நடுவில் காலரா வேறு. அங்கேயும் அகதிகளுக்கே பயிற்சி கொடுத்துத்தான் சமாளிக்க முடிந்தது. அடுத்து உலக சுகாதார நிறுவனத்தில் எய்ட்ஸ் தடுப்புப் பணி. நோய் எதுவானாலும் பாடம் ஒன்றுதான்: யார் சொன்னால் அந்த மக்கள் கேட்பார்களோ, அவர்தான் சரியான சுகாதாரப் பணியாளர்.

வரைபடத்தில் தெரிந்தது

1990களின் நடுவில் ஸ்லட்கின் அமெரிக்கா திரும்பினார். சிகாகோவில் 1995ம் ஆண்டில் மட்டும் 800க்கு மேற்பட்ட கொலைகள். துப்பாக்கிச் சூடுகள் நடந்த இடங்களை வரைபடத்தில் பார்த்தபோது அவருக்குப் பழைய காலரா வரைபடங்கள்தான் நினைவுக்கு வந்தன. நகரம் முழுக்கப் பரவிக் கிடக்காமல், சில பகுதிகளில் மட்டும் கொத்துக் கொத்தாகப் புள்ளிகள். ஒரு கொலை, அதற்குப் பழிவாங்க இன்னொரு கொலை, அதற்குப் பதிலாக மூன்றாவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது போலவே இருந்தது.

இப்படி யோசித்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1983லேயே வன்முறையை ஆராயத் தனிப் பிரிவு வைத்துவிட்டது. கொலம்பியாவின் காலி நகரத்தில் 1992ல் மேயரான ரோட்ரிகோ குரேரோவும் தொற்றுநோயியல் படித்தவர்தான். எந்த நாளில், எந்த நேரத்தில் கொலைகள் அதிகம் என்று கணக்கெடுத்தார். வார இறுதியும் குடியும் சேரும்போதுதான் அதிகம் என்று தெரிந்தது. இரவு நேர மது விற்பனைக்கும், அந்த நாட்களில் துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 1996ல் உலக சுகாதார மாநாடும் வன்முறையை ஒரு முக்கியமான பொதுசுகாதாரப் பிரச்சினையாக அறிவித்துத் தீர்மானம் போட்டது.

வேலை எப்படி நடந்தது?

ஸ்லட்கினின் 'சீஸ்ஃபயர்' திட்டம் 2000ல் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் என்ற பகுதியில் தொடங்கியது. நகரத்திலேயே துப்பாக்கிச் சத்தம் அதிகம் கேட்ட பகுதிகளில் அது ஒன்று. முதல் வருடத்திலேயே துப்பாக்கிச் சூடுகள் 67 சதவீதம் குறைந்ததாகத் திட்டத்தினர் சொன்னார்கள்.

2004ல் ஒரு புதுப் பதவி உருவானது. 'வயலன்ஸ் இன்டரப்டர்', அதாவது வன்முறைக்குக் குறுக்கே நிற்பவர். டியோ ஹார்டிமன் என்ற பணியாளர் கொண்டுவந்த யோசனை இது. இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முன்னாள் கேங் ஆட்கள், ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள். மற்ற எந்தக் கம்பெனியிலும் வேலை மறுக்கக் காரணமாக இருக்கும் விஷயம், இங்கே தகுதி! காரணம் எளிமையானது. இன்று இரவு யாரைச் சுடுவது என்று நாலு பேர் உட்கார்ந்து பேசும் இடத்துக்குள் போலீஸோ, பாதிரியாரோ, பேராசிரியரோ நுழைய முடியாது. பத்து வருடம் முன்பு அதே மூலையில் நின்றவனால் முடியும்.

இவர்கள் ஆயுதம் வைத்துக்கொள்வதில்லை, யாரையும் பிடித்துக் கொடுப்பதும் இல்லை. கடன் தகராறு, காதல் தகராறு, ஒரு முறைப்பு, ஒரு கெட்ட வார்த்தை என்று சண்டை கிளம்பும் இடத்துக்குப் போய்ப் பேசுவார்கள். இன்று ராத்திரி மட்டும் பொறுத்துக்கொள் என்று நேரம் வாங்குவார்கள். கோபம் ஆறிய பிறகுதான் வேலை, படிப்பு, போதை மறுவாழ்வு பற்றியெல்லாம் பேச்சு, அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாகப் பணியாளர்கள் உண்டு. 2005ல் ஒரு பெரிய மருத்துவமனையிலும் இந்த வேலை தொடங்கியது. குண்டடி பட்டவரின் கட்டிலைச் சுற்றி நிற்கும் நண்பர்கள்தானே அடுத்து பழிவாங்கக் கிளம்புவார்கள்? அங்கேயே பிடித்துப் பேசுவதுதான் நோக்கம்.

2011ல் வந்த 'தி இன்டரப்டர்ஸ்' என்ற ஆவணப்படத்தில் இந்த வேலையைப் பார்க்கலாம். ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கியது. அமீனா மேத்யூஸ் என்ற பெண் இளைஞர்களின் சண்டைக்கு நடுவே போய் நின்று பேசும் காட்சிகள் மறக்க முடியாதவை.

பலன் உண்டா?

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். 2003ல் சுமார் 600 ஆக இருந்த சிகாகோவின் கொலைகள் 2004ல் சுமார் 450 ஆகக் குறைந்தன. ஆனால் அதே சமயத்தில் போலீஸும் தன் முறைகளை மாற்றியிருந்தது. பெருமை யாருக்கு என்று எப்படிப் பிரிப்பது? நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வெஸ்லி ஸ்கோகன் குழு 2008ல் முடித்த ஆய்வில் ஏழு பகுதிகளை, திட்டம் இல்லாத பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். சில இடங்களில் திட்டத்தால் வன்முறை தெளிவாகக் குறைந்தது. சில இடங்களில் திட்டம் இல்லாத பகுதிகளிலும் அதே அளவு குறைந்திருந்தது.

பால்டிமோர் நகரத்தின் 'சேஃப் ஸ்ட்ரீட்ஸ்' இதே வழியில் 2007ல் தொடங்கியது. 2012ல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வின்படி அங்கே செர்ரி ஹில் பகுதியில் கொலைகள் 56 சதவீதம் குறைந்தன. ஆனால் பிட்ஸ்பர்க் நகரத்தில் இதைப் போன்ற ஒரு திட்டத்தை ஆராய்ந்தபோது கொலைகள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆக, இது எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் மாத்திரை அல்ல. ஆள் தேர்வு, பயிற்சி, மேற்பார்வை மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பணம். 2007ல் இலினாய் மாநில அரசு நிதியை வெட்டியது. 2015லும் மாநில நிதி நின்றது. அடுத்த வருடம், 2016ல், சிகாகோவில் கொலைகள் 750ஐத் தாண்டின. இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கொலைகள் குறைந்தபோது பெருமையை யாரும் இவர்களுக்கு முழுதாகக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. 2022ல் அமெரிக்க மத்திய அரசு இத்தகைய திட்டங்களுக்கு ஐந்து வருடத்துக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் நீதித்துறை ரத்து செய்த நூற்றுக்கணக்கான மானியங்களில் வன்முறைத் தடுப்புக்கானவையும் இருந்தன.

ஒரு தடுப்பூசித் திட்டத்துக்கும் இதே தலையெழுத்துதான். நோய் வந்தால் செலவு கண்ணுக்குத் தெரியும். வராமல் போனால், எதற்கு இவ்வளவு செலவு என்ற கேள்வி வரும். நடக்காத கொலைக்கு ரசீது கிடையாது. உயிரோடு இருக்கும் பையனை எந்தக் கணக்குப் புத்தகத்தில் வரவு வைப்பது?

ஆனால் இந்த வேலைக்குக் கொடுத்த விலை மட்டும் பதிவாகியிருக்கிறது. 2021 ஜனவரி முதல் 2022 ஜனவரி வரை, ஒரே வருடத்தில், பால்டிமோரின் சேஃப் ஸ்ட்ரீட்ஸ் பணியாளர்கள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அந்தத் தெருக்களில் அந்த வேலை நிற்கவில்லை.

காலரா வார்டுக்குள் போகும் நர்ஸுக்கு நோய் தொற்றலாம் என்று தெரியும். தெரிந்தேதான் போகிறார். இவர்களும் அப்படித்தான். அவரைச் சுகாதாரப் பணியாளர் என்று கூப்பிடும் உலகம், இவர்களை மட்டும் இன்னும் 'முன்னாள் குற்றவாளி' என்று கூப்பிடுவது நியாயமா?