வேடம் ஏற்ற வரலாறு

அமெரிக்க நாட்டில் வரலாற்றை நூல்வழி மட்டுமன்றி வேடம் புனைந்தும் கற்பிக்கும் வழக்கம் உண்டு. பழங்காலத்து உடை அணிந்த ஒருவர் மாணவர் முன் நின்று, தம்மை அக்காலத்து மாந்தராகவே பாவித்துப் பேசுவார். மாணவர் வினவுவர், அவர் வேடம் கலையாமல் விடை தருவார். சில வேளைகளில் மாணவரும் பாத்திரம் ஏற்பர். மேடையும் திரையும் இல்லாமையால் நடிப்பவர், பார்ப்பவர் என்னும் எல்லை அடிக்கடி அழிந்துபோகும். இம்முறையை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் உடையும் பேச்சும் காலத்திற்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பர். அதனினும் முதன்மையான வினா ஒன்று உண்டு: வேடத்தைத் தேர்ந்தவர் எவர்?

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1947ஆம் ஆண்டு நிறுவப்பட்டது பிளிமத் பிளான்டேஷன் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம். 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கிய ஆங்கிலேயர் அமைத்த குடியிருப்பை, 1627இல் இருந்தவாறு மீள எழுப்பிய ஊர் அது. 1970களில் அங்கே முழுமையான பாத்திர நடிப்பு புகுந்தது. விறகு பிளப்பவரும் அடுப்பு மூட்டுபவரும் பதினேழாம் நூற்றாண்டின் வட்டார ஆங்கிலத்தையே பேசுவர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பற்றி ஒரு மாணவன் கேட்பானாயின், அப்படியொரு பதவியை அவர்கள் அறியார். அவர்கள் அறிந்தது மன்னர் முதலாம் சார்லஸ் ஆட்சி. இவ்வறியாமையே நல்ல ஆசிரியனாகிறது. வரப்போவதை அறியாமல் வாழ்ந்த மாந்தரை மாணவன் அங்கேதான் முதன்முறையாகச் சந்திக்கிறான்.

வர்ஜீனியாவில் உள்ள வில்லியம்ஸ்பர்க்கின் கதை இதனினும் சிக்கலானது. 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த அவ்வூரை, குட்வின் என்னும் பாதிரியாரின் தூண்டுதலால், இளைய ராக்ஃபெல்லர் பெரும்பொருள் செலவிட்டு 1920களின் பிற்பகுதியிலிருந்து புதுப்பித்தார். ஆளுநர் மாளிகை எழுந்தது, தோட்டங்கள் மலர்ந்தன, பட்டுடுத்திய சீமாட்டிகள் விருந்தினரை வரவேற்றனர். ஒன்று மட்டும் குறைந்தது. அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் அவ்வூரில் வாழ்ந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பின மக்கள். அவருள் மிகப் பலர் அடிமைகள். புதுப்பித்த ஊரிலோ அவர்களைக் காண்பது அரிதாயிற்று. அழகான ஊர்தான், ஆயினும் சமைத்தவரும் துவைத்தவரும் இல்லாத விருந்து அது. 1979இல்தான் கறுப்பின நடிகர் சிலர் அடிமைப் பாத்திரம் ஏற்று அத்தெருக்களில் நடமாடத் தொடங்கினர்.

1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அங்கே அடிமை ஏலம் ஒன்று நடித்துக் காட்டப்பட்டது. அறிவிப்பு வெளியானதுமே எதிர்ப்பு மூண்டது. கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடும் அமைப்புகள், முன்னோர் பட்ட துயரத்தைச் சுற்றுலாக் காட்சியாக்குவதா என்று கேட்டன. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. காட்சியைத் திட்டமிட்டவர் கிறிஸ்டி கோல்மன். அந்நிறுவனத்தின் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றுப் பிரிவின் தலைவர். தாமும் கறுப்பினப் பெண்மணி. எதிர்ப்பாளர் முன் கண்ணீர் மல்க நின்ற அவர், பார்த்தபின் தீர்ப்பளிக்குமாறு வேண்டினார். பின்னர்த் தாமே கருவுற்ற அடிமைப் பெண்ணாக ஏலத்திற்கு நின்றார். நால்வர் ஏலம் விடப்பட்டனர். சலவைத் தொழில் செய்த பெண் ஒருத்தியை, விடுதலை பெற்ற கறுப்பரான அவளுடைய கணவனே விலை கொடுத்து மீட்டான். கோல்மன் நடித்த பெண்ணோ கணவனிடமிருந்து பிரித்து விற்கப்பட்டாள். திரண்டிருந்தோர் பலர் அழுதனர். எதிர்ப்பின் முன்னணியில் நின்ற ஜாக் கிரேவ்லி, காட்சியைக் கண்டபின் தம் கருத்து மாறியதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். எல்லாரும் அவ்வாறு மாறிவிடவில்லை என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.

பார்வையாளரையே உள்ளிழுத்தால் நேர்வது என்ன என்பதை 1999இல் அவ்வூர் கண்டது. அடிமை முறையை மையமாக்கிய புதிய நிகழ்ச்சியில் பார்வையாளரும் அடிமைகளாகப் பாவிக்கப்பட்டனர். அடிமைகளைத் துரத்தும் காவற்படையினராக நடித்தோர் மீது சிலர் உண்மையாகவே பாய்ந்தனர். ஒருவர் துப்பாக்கியைப் பறிக்க முயன்றார். நடிப்பின் வெற்றி என்று இதனை மெச்சலாம். எனினும் பாய்ந்தவர்க்குத் திரும்பிச் செல்ல ஊர்தி காத்திருந்தது. எதிர்த்தால் கசையடியோ சாவோ என்ற அச்சம் அவர்க்கில்லை. அடிமை ஏன் எதிர்க்கவில்லை என எளிதாகக் கேட்பவர்க்கு அந்த அச்சத்தைக் கற்பிக்க வேடத்தால் இயலுமா என்பது ஐயமே.

இத்தகைய காட்சிகள் வகுப்பறைக்குள் புகும்போது தீங்கு கடுமையாகிறது. 2019இல் நியூயார்க் மாநிலத்துத் தனியார் பள்ளி ஒன்றின் ஐந்தாம் வகுப்பில் அடிமை ஏலம் நடத்தப்பட்டது. கறுப்பினக் குழந்தைகள் விலங்கு பூண்டதாகப் பாவித்து நிற்க, வெள்ளையினக் குழந்தைகள் ஏலம் கேட்டனர். மாநிலத் தலைமை வழக்கறிஞரே விசாரிக்கும் அளவிற்கு அது வளர்ந்தது. வெளித்தோற்றத்தில் இது கோல்மன் செய்ததேதான்: அதே ஏலம், அதே விலங்கு. ஆயினும் கோல்மன் பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின், அறிந்து, விரும்பி அவ்விடத்தில் நின்றார்; வேண்டாவெனில் விலகவும் அவரால் இயலும். பத்து வயதுக் குழந்தைக்கு அவ்வேடத்தைத் தந்தவர் ஆசிரியர். தேர்ந்தது அதன் தோலின் நிறம். ஆசிரியரின் சொல்லைத் தட்டும் துணிவு அவ்வயதில் எக்குழந்தைக்கு வரும்? வரலாற்றைக் கற்க வந்த குழந்தை அன்று வரலாற்றின் கொடுமையைத் தன் தோழர் கையாலேயே பெற்றது.

மறுக்கும் உரிமை எத்துணைப் பயன் தரும் என்பதற்குச் சான்று பிளிமத்திலேயே உள்ளது. ஆங்கிலேயர் குடியிருப்புக்கு அருகே அம்மண்ணின் பழங்குடியினரான வாம்பனோவாக் மக்களின் வாழிடமும் அமைக்கப்பட்டது. அங்கே பணிபுரியும் பழங்குடியினர் முன்னோரின் தோலாடையை அணிவர். மரத்தைச் சுட்டுக் குடைந்து ஓடம் செய்வர். ஆனால் பாத்திரம் ஏற்பதில்லை. இன்றைய மனிதராகவே, இன்றைய ஆங்கிலத்திலேயே பேசுவர். தம் முன்னோரை நடித்துக் காட்டினால், தம் இனமே மறைந்துபோன ஒன்றெனக் குழந்தைகள் எண்ணக்கூடும் அல்லவா? அருங்காட்சியகமும் 2020இல், அவ்விடத்தின் பழம்பெயரைச் சேர்த்துப் பிளிமத் பட்டக்ஸெட் எனத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஆங்கிலேயக் குடியிருப்பில் நிற்பவர்க்கு 1627க்குப் பின் நடந்தது எதுவும் தெரியாது. சிறிது தொலைவு நடந்து சென்று கேட்கும் மாணவனுக்கோ, 1675இல் மூண்ட பெரும்போரைப் பற்றியும், வழக்கொழிந்த வாம்பனோவாக் மொழியை 1990களிலிருந்து தம் பிள்ளைகளுக்கு மீண்டும் கற்பித்துவரும் முயற்சியைப் பற்றியும் சொல்ல அங்குள்ளோர்க்குத் தடையில்லை.