நம் வீட்டு அலமாரியும் 1996-ஆம் ஆண்டும்

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டு சிங்க்குக்கு அடியில் இருந்த அலமாரிக் கதவு ஊதிப்போய், மூட முடியாமல் நின்றது. பார்க்க வந்த ஆசாரி ஓரத்தை விரலால் சுரண்டினார். தூள் தூளாக உதிர்ந்தது. "இது மரம் இல்ல சார், பிரீலேம். ஓரம் திறந்து தண்ணி குடிச்சிடுச்சு" என்றார். மேலே பார்த்தால் அசல் தேக்கு ரேகை! நம் குடியிருப்பில் பல வீடுகளில் இதே பலகைதான். இது எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். கதை நம் பாலாறு வரை வந்தது.

மெலமைனை 1834-லேயே லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடித்துவிட்டார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் அதை ஃபார்மால்டிஹைடுடன் சேர்த்துப் பிசினாக்கினார்கள். அந்தப் பிசினில் ஊறிய காகிதத்தைச் சூட்டில் அழுத்தினால் கெட்டியாக இறுகிவிடும். மறுபடி இளகாது, சுலபத்தில் கறை பிடிக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த 1980-களில் எங்கள் வங்கிக் கவுண்டரில் பளபளத்த சன்மைக்காவின் மேல்பூச்சும் இந்த வகைதான். அதை ஆசாரி பசை தடவிப் பிளைவுட்டில் ஒட்டுவார். இன்றைய பிரீலேமில் மரச்சீவலைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டின் மேல், மெலமைன் காகிதத்தை ஆலையிலேயே பதித்துவிடுகிறார்கள்.

நீலகிரி கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 12-12-1996 அன்று வந்த உத்தரவு நாடு முழுவதையும் தொட்டது. மத்திய அரசு ஒப்புதல் தந்த திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. வடகிழக்கில் பிளைவுட் ஆலைகள் மூடப்பட்டன. பலகைத் தொழில் விவசாயி வளர்க்கும் தைலமரம், சவுக்கு, மலைவேம்பு பக்கம் திரும்பியது. சீவலாக்கி ஒட்டும் பலகைக்கு மெல்லிய மரமும் கிளையும் போதுமே.

அதே ஆண்டு, அதே நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு. 28-8-1996. வழக்குப் போட்டது வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம். தோல் ஷாப்புகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து, நம்மைப் போன்ற குடிமக்கள் நடத்திய வழக்கு. நம் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது நீதிமன்றம். மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தில் உறுதியாக்கியது இந்த வழக்குதான். அப்போது நான் தோல் ஏற்றுமதி பில்கள் பார்க்கும் மேசையில் இருந்தேன். முதலாளிகள் முகத்திலும் தொழிலாளர்கள் முகத்திலும் இருந்த கவலையைக் கவுண்டரிலிருந்தே பார்த்தவன் நான்.

இதில் ஒரு வேடிக்கை. பதனிட்ட தோலில் தொய்வான இடங்களை நிரப்பவும் மெலமைன் பிசினைச் சேர்ப்பதுண்டு. நம் ஊர் செருப்பிலும் நம் அலமாரியிலும் ஒரே சரக்கு!

காமர்ஸ் படித்தவனுக்கு இது வரவு செலவுக் கணக்காகத்தான் தெரிகிறது. தேக்கை விட்டோம், காடு மிஞ்சியது. ஆனால் செலவுப் பக்கத்தில் பசையும் ஃபார்மால்டிஹைடும் இருக்கின்றன. அந்தச் செலவைப் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டக் கூடாது. பழைய பலகைகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால் அந்தப் புகை நம் குழந்தைகளின் மூச்சில்தான் போகும். தயவுசெய்து கொளுத்தாதீர்கள்.

புதிதாக வாங்குவோர் ஐ.எஸ். 12823 முத்திரையையும், ஃபார்மால்டிஹைடு குறைவு என்பதற்கான ஈ-1 தரத்தையும் கேளுங்கள். ஓரங்கள் நான்கிலும் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். சிங்க்குக்கு அடியில் மட்டும் ஐ.எஸ். 710 பிளைவுட் போடுங்கள். நான் இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறேன்.